பிரித்துக் காட்ட ஓர் ஆள்

மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சேலை எடுத்த தலைமுறை நீங்கள் என்றால், புதுத்துணியின் கஞ்சி வாசனை இந்நேரம் உங்கள் மூக்கில் ஏறியிருக்கும். கல்லூரி விடுமுறைகளில் மாமாவின் கடையில் எனக்குக் கொடுத்த வேலை, மடிப்பது. கடையில் மூத்தவர் ஒருவர், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, ஒரே உதறலில் முந்தானை தெரிய விரிப்பார். வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கியதும் அடுத்தது விரியும். குவிந்ததையெல்லாம் பழைய மடிப்பு மாறாமல், கரைமேல் கரை உட்கார, நான் மடித்து அடுக்க வேண்டும். ஒரு கல்யாண வீடே வந்து உட்கார்ந்து, நாங்கள் வாங்கிக் கொடுத்த கலரையும் குடித்துவிட்டு, கடைசியில் “வீட்டுல கேட்டுட்டு வர்றோம்” என்று எழுந்து போகும்போதும், “நல்லாக் கேட்டுட்டு வாங்கம்மா, திங்கக்கிழமை புதுச் சரக்குப் பிரிக்கிறோம்” என்று அண்ணாச்சி வாசல்வரை கூடப் போவார். அந்த வயதில் எனக்கு அது பொறுக்காது. போனவர்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

வாங்க வருகிறவர் மனசில் என்ன சந்தேகம் ஓடுகிறது என்பது, அவர் வாய் திறக்கும் முன்பே அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும். நிறமா? “ட்யூப் லைட்டுல அரக்கு கறுப்பாத் தெரியும்மா, வாசலுக்கு வாங்க” என்று வெயிலில் விரிப்பார். ஜரிகையா? ஓர் இழையை நகத்தால் சுரண்டி உள்ளே இருக்கும் சிவப்பு நூலைக் காட்டுவார். பட்டா இல்லையா என்றால், பிசிறை உருவித் தீக்குச்சியில் காட்டி, முடி கருகும் நாற்றத்தை மோந்து பார்க்கச் சொல்வார். சுங்குடி என்றால் புள்ளிகளைக் காட்டி, எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அது அச்சு, கொஞ்சம் கூடக் குறைய இருந்தால்தான் கைமுடிச்சு என்பார். பாட்டிமார்கள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியைத் தேய்த்துப் பார்த்துத் தங்கள் தீர்ப்பைத் தனியாக எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நம் நாட்டில் கணினிக்குள் வந்த முதல் கடைகளில் ஒன்று, 1999-ல் பெங்களூரில் தொடங்கிய ஃபேப்மார்ட். காலத்துக்கு முந்திப் பிறந்த கடை அது. பின்னாளில் இந்தியாபிளாசா என்று பெயர் மாறி, 2013-ல் மூடப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கே. வைத்தீஸ்வரன், நடந்ததை மறைக்காமல் ஒரு புத்தகமாகவே எழுதினார். தொழில் தொடங்குகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. “பாக்காத பொருளுக்கு எப்படிடா முன்கூட்டியே பணம் கட்டுறது?” என்று அம்மா அந்த நாட்களில் கேட்ட கேள்விக்கு, 2007-ல் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010-ல்தான் பதில் சொன்னது: பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுத்தால் போதும். இந்தியாவில் இணைய வியாபாரம் காலூன்றியதற்கு, போட்ட கோடிகளைக் காட்டிலும் இந்த ஒரு சலுகை பெரிய காரணம் என்பது என் துணிபு. வாசலில் விரித்துக் காட்டிய அண்ணாச்சியின் வேலையில் ஒரு பங்கை அது செய்தது.

மிச்சப் பங்கை யார் செய்வது? இணையக் கடைகளில் கூடையில் பொருளைப் போட்டவர்கள் 100 பேர் என்றால், ஏறக்குறைய 70 பேர் வாங்காமலே வெளியேறுகிறார்கள் என்று, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த பேமார்ட் நிறுவனம் சொல்கிறது. சும்மா பார்க்க வந்தவர்களைக் கழித்துவிட்டால், அவர்கள் சொல்லும் காரணங்களில் முதலிடம், கடைசிப் பக்கத்தில் வந்து சேரும் கூடுதல் செலவுக்கு. கூரியர் கட்டணம், வரி, இன்ன பிற. பில் போடும்போது மட்டும் புதிதாக ஒரு தொகையைச் சேர்க்கிற கடைக்கு விளக்குத்தூணில் மறுநாள் யார் ஏறுவார்கள்?

தம்பி மகள் சின்னாளபட்டிச் சேலைகளை இணையத்தில் விற்கிறாள். நல்ல சரக்கு, நியாயமான விலை. பார்க்கிறவர்கள் நிறைய, வாங்குகிறவர்கள் கொஞ்சம். “தள்ளுபடி போடட்டுமா பெரியப்பா?” என்று கேட்டாள். அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு சேலைக்கு ஒரே படம், அதுவும் விளக்கொளியில், மடித்து வைத்தது. முந்தானை எப்படி, கரை எத்தனை விரல், ரவிக்கைத் துணி சேர்ந்ததா, சாயம் போகுமா, எதுவும் இல்லை. வாங்கப் போனால் முதலில் கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் வை என்கிறது. அண்ணாச்சி யாரிடமும் மெத்தையில் உட்காரும் முன் முகவரி கேட்டதில்லை.

தள்ளுபடி இப்போதைக்கு வேண்டாம் என்றேன். காலை வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் ஐந்தரை மீட்டரையும் விரித்துப் போட்டுப் படம் எடுத்தோம். முந்தானைக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, புள்ளிகளை நெருங்கி ஒன்று. ‘முதல் அலசலில் கொஞ்சம் சாயம் விடும், உப்புத் தண்ணீரில் தனியாக நனையுங்கள்’ என்று உண்மையை எழுதினாள். கூரியர் கட்டணம் விலைக்குக் கீழேயே வந்தது. கணக்குத் தொடங்கச் சொன்ன பக்கத்தை எடுத்துவிட்டாள். தன் எண்ணைப் போட்டு, மாலையில் கேட்பவர்களுக்கு வீடியோ அழைப்பில் சேலையைப் பிரித்துக் காட்டுகிறாள். திருச்சியிலிருந்து ஓர் அம்மா முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் வைத்தாராம். அடுத்த வாரம் அவர் மகள் அழைத்து மூன்று எடுத்தாள்.

பழைய கடையில் இருந்த கூட்டமும், அத்தையும் சித்தியும் நிறத்துக்காகப் போட்ட சண்டையும், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பிய சந்தோஷமும் இதில் கிடைக்காது. நடக்க முடியாத ஒரு பாட்டி ஊரிலிருந்தபடியே பேத்தியோடு சேலை பார்க்கும் வசதி அன்றைக்குக் கிடையாது. இரண்டையும் பார்க்கக் கிடைத்தவன் நான்.

இன்னும் தீராதது, திரும்பி வரும் பார்சல். வீடு பூட்டியிருந்தது, மனசு மாறிவிட்டது என்று சேலை திரும்பினால் போகவர இரண்டு கூரியர் செலவும் தம்பி மகள் தலையில்தான். பெரிய கம்பெனிகள் தாங்கும், தறிக்காரரிடம் ரொக்கம் கொடுத்து எடுக்கிற சின்னக் கடை தாங்காது. அனுப்பும் முன் ஒரு தடவை அழைத்துப் பேசி உறுதி செய்துகொள்வது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். தீபாவளிச் சரக்கு ஆவணியில் இறங்குகிறது. அதற்குள் ஒவ்வொரு சேலைக்கும் நீளமும் கரையும் அளந்து எழுத வேண்டும். அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடிக்கிறேன்.