வந்தியத்தேவனைக் காதலிப்போர் கவனத்திற்கு

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடக்கத்தில், ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் ஒருவன் குதிரைமேல் வருகிறான். அந்த முதல் பக்கத்திலேயே தடுக்கி விழுந்தவர்களுக்கானது இந்தக் கையேடு. முதல் பாகம் முடிந்தும் விழாதவர்கள் இளவரசர் அருள்மொழிவர்மன் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம். அங்கே எப்போதும் கூட்டம் உண்டு. ஒழுக்கமான கூட்டம்.

என் தகுதி, முப்பத்திரண்டு வருட அனுபவம். பதின்மூன்று வயதில் அத்தை வீட்டுப் பரணில், கல்கி இதழிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்த பைண்டுகளில் அவனைப் பார்த்தேன். நான்காம் பாகம் மட்டும் இல்லை, யாரோ இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை. மூன்றிலிருந்து நேராக ஐந்துக்குத் தாவினேன். அதனால் வந்த கஷ்டத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை, ஆளைத் தேர்ந்தெடுப்பது. குறையுள்ளவனாகப் பாருங்கள். என் ஆளுக்கு நீச்சல் தெரியாது. கோடிக்கரையில் புதைசேற்றில் மாட்டிக்கொண்டு, படகோட்டிப் பெண் பூங்குழலி கைகொடுத்துத்தான் வெளியே வருகிறான். வாய் திறந்தால் வம்பு, சமாளிக்க ஒரு பொய், அதைச் சமாளிக்க இன்னொன்று. இப்படிப்பட்டவனோடு ஒரு வாழ்நாள் முழுக்க மனசுக்குள் சண்டை போடலாம். அருள்மொழிவர்மனோடு என்ன சண்டை போடுவீர்கள்? தட்டில் உப்பு குறைந்தால்கூட அவர் தியாகம் செய்துவிடுவார்.

சுஜாதா கதைகளில் வரும் வக்கீல் கணேஷின் உதவியாளன் வசந்த் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கண்ணில் படுகிற பெண்களிடமெல்லாம் வழிகிறவன், மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கைக்கூடக் கடைசிவரை முழுசாகச் சொல்லாதவன். என் அம்மா தலைமுறை ‘குறிஞ்சி மலர்’ அரவிந்தனிடம் மயங்கியது. நா. பார்த்தசாரதி அவனை அற்பாயுசில் சாகடித்தார். பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்து மனசை ஆற்றிக்கொண்டார்கள். பிற்பாடு தூர்தர்ஷன் தொடரில் அரவிந்தனாக வந்தவர் மு.க. ஸ்டாலின். 2021இல் அவர் முதலமைச்சரானபோது, “நம்ம அரவிந்தன்” என்றாள் அம்மா. ஓட்டு யாருக்குப் போட்டாள் என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்தது, வெட்கம். “இல்லாத ஆளை நினைத்து உருகுகிறாயே” என்று யாராவது சிரித்தால் தொல்காப்பியத்தை எடுத்து வையுங்கள். ஏழு திணைகளில் முதலில் நிற்பதே கைக்கிளைதான், ஒருதலைக் காதல். புறநானூற்றில் நக்கண்ணையார் ஒரு சோழ மன்னன்மேல் உருகிப் பாடியிருக்கிறார், அவன் திரும்பிப் பார்த்ததாகத் தகவல் இல்லை. மனம் வைத்த பெண் கிடைக்காவிட்டால் அவள் படத்தை எழுதிக் கையில் ஏந்தி, பனைமட்டைக் குதிரையில் ஏறித் தெருவில் வருவேன் என்று மிரட்டிய ஆண்களும் நம்மிடம் இருந்தார்கள். அதற்கு மடலேறுதல் என்று பெயரே உண்டு. செல்போன் முகப்பில் படம் வைத்துக்கொள்வதோடு நிறுத்தும் நீங்கள் எவ்வளவோ தேவலை. உலா இலக்கியத்தில் அரசன் வீதியில் வந்தால் பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுவரும் சொக்கிப்போவார்கள். அந்தக் கணக்கு நாற்பது வயதோடு முடிகிறது. எனக்கு நாற்பத்தைந்து. இலக்கணப்படி நான் ஓய்வு பெற்றவள், பென்ஷன் மட்டும்தான் வரவில்லை.

முகம் விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை தேவை. 1950 முதல் 1954 வரை தொடர் வந்தபோது மணியம் வரைந்த முகம் ஒன்று. மறுபதிப்பில் வேறொருவர் வரைந்தது இன்னொன்று. 1958இல் எம்.ஜி.ஆர். படமெடுக்க முயன்றார், நடக்கவில்லை. நடந்திருந்தால் மொத்தத் தமிழ்நாட்டுக்கும் ஒரே முகம்தான் வாய்த்திருக்கும். 2022இல் மணிரத்னம் படத்தில் கார்த்தி குதிரையில் வந்தார். நன்றாகத்தான் செய்திருந்தார், அதுதான் பிரச்சினை. மூன்று வாரம் என் ஆளின் மூக்கு கார்த்தியின் மூக்காகவே இருந்தது. மருந்து ஒன்றுதான்: படம் பார்த்து வந்த இரவே முதல் பாகத்தை மறுபடி தொடங்கிவிடுங்கள். முப்பது அத்தியாயத்தில் பழைய மூக்கு திரும்பிவிடும்.

கல்யாணமானவர்கள் வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. நான் முதல் வாரமே சொன்னேன். இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கும் ‘மோகமுள்’ நாவலின் கும்பகோணத்து யமுனா இருப்பதாக ஒப்புக்கொண்டார். கும்பகோணத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், பத்திரிகை கொடுத்தவர் யாரென்று தெரியாவிட்டாலும், இவர் முதல் ஆளாகக் கிளம்புவது ஏன் என்று அன்றுதான் விளங்கியது. இப்போது நாங்கள் நான்கு பேர் குடும்பம். சமையல் இரண்டு பேருக்குத்தான்.

அவன் காதலிக்கும் இளவரசி குந்தவையோடு போட்டி வேண்டாம். ஜெயிக்க மாட்டீர்கள், அரசாங்கமே அவள் கையில் இருக்கிறது. உங்கள் இடம் மணிமேகலை பக்கத்தில். பரணில் இல்லாத அந்த நான்காம் பாகத்தைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் விலைகொடுத்து வாங்கிப் படித்தேன். கடம்பூர் மாளிகையில் மணிமேகலை கண்ணாடி பார்க்கிறாள். அவள் முகத்துக்குப் பக்கத்தில் வந்தியத்தேவன் முகம். அவள் அலறி ஓடவில்லை, கனவென்று நினைக்கிறாள். காரணம், அண்ணன் கந்தமாறன் சிநேகிதனின் வீரத்தைக் கதைகதையாகச் சொல்லி, ஆளைப் பார்க்கும் முன்பே அவள் மனசைக் கெடுத்து வைத்திருந்தான். நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அத்தை வீட்டுப் பரணில் உட்கார்ந்திருந்த அதே பெண், பட்டுப் பாவாடையோடு. கதை கேட்டே காதலித்தவள். ஐந்தாம் பாகத்தில் ‘அசட்டுப் பெண்’ என்று அவளை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன்! கடைசியில் அவன் மடியில் அவள் சாகும் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். முதல் தடவை அழாததற்கும் சேர்த்து அழுதேன். கல்கி இந்தக் கதையில் எழுதிய பெண்களிலேயே உயர்ந்தவள் அவள்தான். நந்தினி ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்.

யாத்திரை போக விரும்பினால் ஆடி மாதம் வீராணத்துக்குப் போங்கள், கதையின் வீரநாராயண ஏரி அதுதான். கதையில் சொன்ன, ஏரி நீர் வெளியேறும் எழுபத்து நான்கு கணவாய்களை எண்ணப் போகிறேன் என்று நானும் கிளம்பினேன். பதினொன்றில் வெயில் ஜெயித்தது. போக முடியாதவர்களும் வருந்த வேண்டாம். 2004 முதல் வீராணம் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. அங்கே குழாயைத் திறந்து, அவன் குதிரை நின்று பார்த்த ஏரியில் பாத்திரம் தேய்க்கலாம். நான் தினமும் தேய்க்கிறேன்.

கடைசியாக, மிதப்பில் இருப்பவர்களுக்கு. குந்தவை கல்யாணத்தைக் காட்டாமலேயே கல்கி கதையை முடித்தார். வாசகர்கள் விடவில்லை, முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஐந்து பாகத்தில் மேளம் கொட்டவில்லையே, இன்னும் வாய்ப்பிருக்கிறது என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனேன். குந்தவை கொடுத்த நகை, விக்கிரகக் கணக்கெல்லாம் அங்கே கல்வெட்டில் இருக்கிறது. கூடவே, அவள் யாருடைய மகாதேவி என்பதும். வல்லவரையர் வந்தியத்தேவருக்குக் கல்யாணமாகி ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது.