ரிப்பன் வெட்ட முடியாத செலவு

நங்கநல்லூர் வரும் பஸ்ஸில் ஒரு சிவப்புப் பொத்தான். ஆபத்தென்றால் அழுத்தணுமாம். உபயம்: பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதி. 2013 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் 1,000 கோடி ரூபாயில் தொடங்கியது.

பொத்தான், கேமரா எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பாலியல் வன்முறை நடந்துவிட்ட பிறகு? ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், கோர்ட் என்று வருஷக்கணக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணோடு உட்கார ஆள் வேண்டும். தொண்டு நிறுவனங்கள் நன்கொடையாகக் கேட்பது அந்த ஆளுக்கான சம்பளம். அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது. பயனாளியோடு போட்டோவும் கூடாது. பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை. போட்டோ இல்லாத தர்மத்துக்கு எந்தப் புண்ணியவான் கையெழுத்துப் போடுவார்? எங்கள் ஊரில் டியூப்லைட் கொடுத்தால்கூட அதிலே பெயர் எழுதிவிடுவோம்.

பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போட்டால், நல்லவேளை, இன்னும் எடுப்பது மனுஷிதான்.