யோசனை கேட்க வரும் அன்பர்

பெரியவர்களை மதிக்க வேண்டும் என்று அவருக்குச் சிறு பிராயத்திலேயே யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள்; எப்படி மதிப்பது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்கள். ஆகையால் அவர் தமக்கென்று ஒரு சம்பிரதாயம் வகுத்துக்கொண்டிருக்கிறார். காரியம் பூரணமாக முடிந்த பிறகு, அதைச் செய்யலாமா என்று நம்மிடம் அபிப்பிராயம் கேட்க வருவார்.

செருப்பை வாசற்படிக்கு இரண்டு முழம் தள்ளியே கழற்றிவிட்டு, நாற்காலியின் நுனியில் மட்டும் அமர்ந்து, தோளில் இல்லாத அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொள்ளும் பாவனையுடன், "உங்களை ஒரு வார்த்தை கேக்காம நான் எதையும் செய்யறதில்லை, சார்" என்று அவர் ஆரம்பிக்கும்போது, சொந்த வீட்டில் மின்விசிறி மாற்றுவதைப் பற்றிக்கூட யாரும் கேட்காத பருவத்தில் இருக்கும் எந்தக் கிழவனுடைய உள்ளமும் இளகத்தான் செய்யும். பெண்ணுக்கு இந்த வரன் பொருந்துமா என்று கேட்பார். மடியிலிருக்கும் பையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். சமையலறையை எந்த மூலையில் வைக்கலாம் என்பார். மேல்தளம் போட்டுத் தண்ணீர் கட்டியிருப்பார்கள்.

இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். வரன் விஷயத்திலும் வாஸ்து விஷயத்திலும் எனக்கு ஞானம் கிடையாது. ஆனால் அவர் மனை வாங்கியபோதுதான் என் பொறுமைக்குச் சோதனை வந்தது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். எனக்கு உண்மையாகவே தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றி ஒருவர் என் வீடு தேடி வந்து கேட்கிறார் என்றதும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதென்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, பதிவான ஆவணங்கள்தாம் அதில் வரும், உயிலைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டுமென்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்லவில்லையாதலால் எங்கேனும் ஓர் உயில் பெட்டிக்குள் தூங்கினாலும் தூங்கும் என்று விஸ்தாரமாகத் தொடங்கினேன். விற்கிறவருக்குச் சகோதரிகள் உண்டா என்று விசாரித்தேன். தகப்பனார் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அவருடைய சுயார்ஜித சொத்தில் பெண்மக்களுக்கும் சம பங்கு உண்டென்பது 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே உள்ள சங்கதி. அவர்கள் கையெழுத்தில்லாமல் கிரயம் வாங்குவது வழக்கை விலைக்கு வாங்குவதாகும் என்றேன்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "அடடா!" என்றார். "இந்த அனுபவம் யாருக்கு சார் வரும்!" என்றார். ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்ததும் பையைத் திறந்து லட்டு டப்பாவை எடுத்து நீட்டி, "வெள்ளிக்கிழமை பத்திரம் ஆயிடுச்சு, சார். எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்றார். சகோதரிகள் இரண்டு பேராம், இருவரும் வெளியூராம்.

கல்யாண வாசலில் வாழைமரம் கட்டுவதுபோல என்னையும் ஒரு மங்களத்துக்காகக் கட்டி வைக்கிறார் என்பது எனக்கு விளங்காமலில்லை. எனக்கு அந்தக் கௌரவம் வேண்டாம். ஐயா, ஒரு தடவையாவது முன்பணம் கொடுப்பதற்கு முந்தின நாள் வாருங்கள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். கால்மேல் கால் போட்டுக்கொண்டாலும் பாதகமில்லை. நான் சொல்வது தவறென்று தோன்றினால் குரலை உயர்த்தி வாதாடுங்கள். தலையாட்டித் தலையாட்டியே என்னை உயிரோடு படமாக்கிச் சுவரில் மாட்டாதீர்கள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் மற்றவர்கள் காரியம் முடிந்த பிறகும் வருவதில்லை, லட்டும் கொடுப்பதில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரைக் காணாவிட்டால், ஊரில் இருக்கிறாரா என்று நானே விசாரிக்கிறேன்.

சென்ற வாரம் வந்து, கார் வாங்கலாமென்று ஓர் எண்ணம், பெட்ரோலா டீசலா என்று கேட்டார். மாதத்தில் நாலு நாள் ஓடப்போகும் வண்டிக்கு டீசல் எதற்கு, வேண்டவே வேண்டாம் என்றேன். முகம் வாடிப்போயிற்று.

"அப்போ இதைத் திருப்பிக் கொடுத்தா எடுத்துப்பாங்களா, சார்?" என்றார்.