முதல் நாள், முதல் அதிருப்தி

லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலையில் நடக்கிறவர்களில் ஒருவராவது இந்த மாமாவாக இருப்பார். வயது அறுபதைத் தாண்டியாயிற்று. வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், மணிரத்னம் என்று மூன்று உபாதைகள். முதல் இரண்டுக்கு மாத்திரை இருக்கிறது.

2025 ஜூன் 5-ஆம் தேதி 'தக் லைஃப்' வந்தது. 'நாயக'னுக்கு 38 வருஷம் கழித்து கமலும் மணியும் சேர்ந்த படம். மாமா பேத்தியின் போனைப் பிடுங்கி முதல் நாளுக்கே டிக்கெட் போட்டுவிட்டார். ஆரம்பித்த கால் மணியில் உச்சுக் கொட்டத் தொடங்கியவர், இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றபடியே தீர்ப்பை முடித்துவிட்டார். மறுநாள் பூங்காவில், மூன்றாவது சுற்றில், அது வாசிக்கப்பட்டது. "அவ்வளவுதான் சார். சரக்கு தீர்ந்துபோச்சு."

இந்தச் சரக்கு 2013-இல் 'கடல்' வந்தபோதும் தீர்ந்தது. 2017-இல் 'காற்று வெளியிடை' வந்தபோதும் தீர்ந்தது. ஷங்கருக்கும் இதில் பங்கு உண்டு. 'இந்தியன் 2' பார்த்த ராத்திரி மாமா ரசம்கூட விட்டுக்கொள்ளவில்லை.

காரணமும் கைவசம் இருக்கிறது. "சுஜாதா போனதோட வசனம் போச்சு." 'நாயகன்' வசனம் பாலகுமாரன் ஆயிற்றே என்றால் அசருவாரா? "அதைத்தானே சொல்றேன், அவரும் போயிட்டாரே!"

அடுத்து 'இருவர்' வரும். "அது படம்! இன்னிக்கு ஒருத்தனால அப்படி ஒரு ஷாட் வைக்க முடியுமா?" 1997 பொங்கலுக்கு அது வந்தபோது இழுவை என்று சொன்னவர் சாட்சாத் இவர்தான். சாட்சி மாமி. "தியேட்டர்ல குறட்டை விட்டேளே, நான்தானே எழுப்பினேன்!"

மாமாவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 'மௌன ராகம்' வந்த 1986-லிருந்து 'ரோஜா' வந்த 1992 வரை வருஷத்துக்கு ஒரு படம். ஒவ்வொன்றும் ஊரையே பேசவைத்தது. ஆனால் அதே வருஷங்களில்தான் மாமாவுக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, தலையில் சீப்புக்கு வேலை இருந்தது. அத்தனையையும் சேர்த்து இப்போது ஒரே டிக்கெட்டில் திருப்பிக் கேட்டால் எந்த டைரக்டர் தருவார்?

"பிடிக்காதுன்னு தெரிஞ்சும் ஏன்னா முதல் நாளே ஓடறேள்?" என்று மாமி கேட்டுவிட்டாள்.

"லேட்டாப் போனா, நன்னா இல்லேன்னு வேற யாராவது முந்திண்டு சொல்லிடுவாளே!"

போன வாரம் டி.வி.யில் 'ராவணன்' ஓடியது. 2010-இல் அதைப் பார்த்துவிட்டு வந்து, டிக்கெட் காசுக்கு ரெண்டு கிலோ காப்பிப்பொடி வாங்கியிருக்கலாம் என்றவர், ரிமோட்டை யாரிடமும் கொடுக்காமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

"மழையைப் பாருடி, மழையை! இப்பல்லாம் யாரு இப்படி எடுக்கறா?"