பந்தியில் பக்கத்து இலை பார்த்தல்: ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

பந்திக்கு முந்தச் சொன்ன நம் முன்னோர், முந்தி உட்கார்ந்தபின் என்ன செய்வது என்பதைச் சொல்லாமலே போய்விட்டனர். இலையில் தண்ணீர் தெளித்தபின் அதை எந்தப் பக்கம் தள்ளுவது, அப்பளத்தைக் கடிப்பதா நொறுக்குவதா, எப்போது எழுந்திருப்பது என்பவற்றுக்குப் பாடநூலும் இல்லை, பயிற்சி வகுப்பும் இல்லை. ஆயினும் தமிழர் அனைவரும் இதில் தேர்ச்சி பெற்றுள்ளனர். பக்கத்து இலையைப் பார்த்தே தேறினர் என்பது இவ்வாய்வின் கருதுகோள். தேர்வறையில் காப்பி எனப்படும் அதே செயல், கல்யாண மண்டபத்தில் பண்பாடு எனப்படுகிறது.

முன்னோடி ஆய்வுகள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் பண்டூரா 1961இல் 72 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்தியும் சுத்தியலால் அடித்தும் காட்டினார். அதைப் பார்த்த குழந்தைகள் பலர் பின்பு அதே குத்து, அதே அடி என இறங்கினர். அவர் உதிர்த்த வசனத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. பார்த்துக் கற்பதற்குக் கவனம், நினைவு, செய்துபார்க்கும் திறன், ஊக்கம் என நான்கு வேண்டும் என்று பண்டூரா பின்னாளில் வகுத்தார். பந்தியில் நினைவு தேவையில்லை, பக்கத்து இலை அங்கேயே இருக்கிறது. ஊக்கத்துக்கோ குறைவே இல்லை.

ஸ்டான்லி மில்கிராம் குழுவினர் நியூயார்க் தெருவில் சிலரை நிறுத்தி, எதிர்க் கட்டடத்தின் ஆறாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் பார்த்தபோது, போகிறவர்களில் 4 விழுக்காட்டினர் உடன் நின்றனர். 15 பேர் பார்த்தபோது 40 விழுக்காட்டினர் நின்றனர். இந்த முடிவுகள் 1969இல் வெளிவந்தன. ஜன்னலில் சாப்பாடு எதுவும் இல்லை என்பது இங்கே கருதத்தக்கது.

ஆய்வுக்களம்

ஒரு கல்யாண மண்டபம், முதல் பந்தி, ஒரு வரிசை, 14 இலைகள். முதல் இலையில் பெரியவர் ஒருவர். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் மடித்த துண்டு. விஷயம் தெரிந்தவர் என்பது பார்த்ததுமே விளங்கியது. ஆறாவது இலையில் ஆய்வாளர்.

கண்டறிந்தவை

பெரியவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் தெளித்து, வலப்பக்கமாக வழித்துத் தள்ளினார். இரண்டாமவர் வழித்தார், மூன்றாமவர் வழித்தார். ஆய்வாளர் வழித்த தண்ணீர் மேசை விரிப்பில் ஓடி ஏழாமவரின் மடியில் இறங்கியது. அவர் முகம் சுளிக்காமல் தம் பங்குத் தண்ணீரை எட்டாமவரின் மடிக்கு அனுப்பினார். மரபு என்பது இவ்வாறே கைமாறுகிறது.

இலையை நம் பக்கமாக மூடினால் உறவு தொடரும், எதிர்ப்பக்கமாக மூடுவது துக்க வீட்டு வழக்கம் என்பார் பலர். மாற்றிச் சொல்வாரும் உளர். காரணம் கேட்டால் இரு சாராரும் தரும் சான்று ஒன்றே: “பெரியவங்க அப்படித்தாங்க செய்வாங்க.”

ரசம் முடிந்தது. சமையற்கட்டிலிருந்து பாயச வாளி புறப்பட்டது. அந்நேரம் பார்த்துப் பெரியவர் இலையை மூடினார். இரண்டாமவர் வாளியைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், மூடினார். அலை ஐந்தாம் இலை வரை வந்துவிட்டது. வாளியில் முந்திரி மிதப்பது ஆய்வாளருக்குத் தெளிவாகத் தெரிந்தது. கருதுகோளும் தெரியும், பண்டூராவும் தெரியும். இருந்தும் கை இலையை மூடியது.

“என்னங்க, எல்லாரும் மூடிட்டீங்க? பாயசம் வேணாமா?” என்றார் பரிமாறியவர்.

“எனக்கு சுகர், தம்பி. இவங்களுக்குப் போடு” என்றார் பெரியவர்.

யாரும் திறக்கவில்லை. மூடிய இலையைத் திறந்ததற்கு அவ்வரிசையில் முன்மாதிரி இல்லை.

முடிவுரை

2005இல் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் வழியைச் சிம்பன்சிகளுக்கும் குழந்தைகளுக்கும் செய்துகாட்டினார்கள். நடுவே பயனற்ற தட்டல்கள் சிலவற்றையும் சேர்த்தார்கள். கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டியில் சிம்பன்சிகள் பெரும்பாலும் வீண் தட்டல்களை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. மூன்று நான்கு வயதுக் குழந்தைகளோ தட்டல் உட்பட எல்லாவற்றையும் செய்தனர்.

எனவே ஆறாவது இலையில் ஒரு சிம்பன்சி இருந்திருந்தால் பாயசம் சாப்பிட்டிருக்கும் என்பது பெறப்படுகிறது. ஆனால் காரணம் தெரியாமல் காப்பியடிக்கும் புத்தி நமக்கு இல்லையென்றால் தண்ணீர் தெளிப்பதும் இல்லை, நுனியை இடப்பக்கம் போடுவதும் இல்லை, பந்தியே இல்லை. பாயசத்தை இழக்கவைத்த புத்திதான் பாயசத்தை இலை வரை கொண்டுவந்தும் சேர்த்தது.

மேலாய்வுக்கான பரிந்துரை: அடுத்த முகூர்த்தத்தில் முதல் இலையில் சர்க்கரை நோய் இல்லாத ஒருவரை உட்காரவைத்து இதே சோதனையை மீண்டும் செய்து பார்க்கலாம். அப்பொறுப்பை ஏற்க ஆய்வாளரே முன்வருகிறார்.