தாரிகன் எங்கே?

ரோல்பிளே ஆட்டத்துக்கு இரண்டு மூளை வேண்டும். ஒன்று நாற்காலியில் உட்கார்ந்து ஆடுகிறவருடையது, மற்றது திரைக்குள் ஓடுகிற கதாபாத்திரத்துடையது. முதல் மூளைக்குத் தெரிந்ததை இரண்டாவதற்கு ஓதிக்கொடுப்பது குற்றம். ஆட்டக்காரர்கள் அதை மெட்டாகேமிங் என்பார்கள். 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்து, நாலு பேர் மேசையைச் சுற்றிப் பகடை உருட்டிய காலத்திலேயே இந்த வழக்கு இருந்தது. 2013இல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 ஆட்டத்தின் மேல், ஃபைவ்எம் என்ற மோட் துணையோடு ரோல்பிளே சர்வர்கள் முளைத்தபின் வழக்குகள் பெருகின.

குற்றம் நடக்கும் விதம் எளிது. திருடன் வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு ஒரு கிடங்குக்குள் பதுங்குவார். அதை யூடியூபில் நேரலையாகவும் ஓடவிடுவார்; புகழும் வேண்டுமல்லவா? போலீஸ்காரர் இன்னொரு போனில் அதைப் பார்த்துவிட்டு, வழியில் ஒருவரிடமும் விசாரிக்காமல் நேரே கிடங்கு வாசலில் வந்து நிற்பார். அட்மின் கேட்டால், “சும்மா ஒரு தோணல்” என்பார். துப்பறியும் கலை இவ்வளவு வேகமாக வளர்ந்தது வேறெங்கும் இல்லை.

இந்த ஒழுக்கத்தைப் பழக வேண்டுமானால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர்கள் டிஸ்கார்டு விதிப்பட்டியலைப் படிக்க வேண்டியதில்லை, வெள்ளாயணி போய்வந்தால் போதும். அங்குள்ள தேவி கோயிலில் மூன்றாண்டுக்கு ஒருமுறை காளியூட்டு விழா நடக்கும். பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனைத் தேடும் சடங்குக்குக் களங்காவல் என்று பெயர். தலைமைப் பூசாரியான மூத்த வாத்தி தேவியின் திருமுடியைத் தலையில் ஏந்தி ஆடுவார். தேடல் நான்கு திசைக்கும் போகும். தாரிகன் வேடம் கட்டுபவர் யார் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் காளியின் காதில் போய், “அம்மே, அவன் அங்கே இருக்கான்” என்று சொல்வதில்லை. தேடல் வாரக்கணக்கில் நீளும். பிறகுதான் பரண்மேல் போர், நிலத்தில் போர், கடைசியில் வதம்.

கதையிலும் இதே கட்டுப்பாடு உண்டு. தாரிகனின் உயிரைக் காத்த மந்திரம் அவன் மனைவிக்குத் தெரியும். தேவர் தரப்பால் அதை ஞானதிருஷ்டியில் பார்த்துச் சொல்லியிருக்க முடியாதா? அப்படிச் செய்யவில்லை. தேவியே பிராமணப் பெண் வேடத்தில் போய்ப் பேச்சுக்கொடுத்து அதை வாங்கினாள். ஆட்டத்துக்குள் கேட்டுப் பெற்ற தகவல் செல்லும், எந்த சர்வரும் தள்ளாது. செத்த கதாபாத்திரம் திரும்பி வந்தால் பழைய பகையை மறந்துவிட வேண்டும் என்று சர்வர்களில் இன்னொரு விதி உண்டு. தாரிகன் மூன்றாண்டுக்கு ஒருமுறை வெட்டுப்பட்டும், போன தடவை என்ன நடந்தது என்ற நினைப்பே இல்லாமல் வந்து நிற்கிறான்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு இருக்கிறது. எட்டுவீட்டில் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தியபோது, பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான மார்த்தாண்டவர்மா இந்தப் பலாமரப் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஐதிகம். இன்று வழிப்போக்கர் எல்லோருக்கும் தெரிந்த பொந்து அது. துரத்தி வந்தவர்கள் அதற்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுடைய மற்ற குணங்கள் எப்படியோ, மெட்டாகேமிங் குற்றத்தை மட்டும் அவர்கள்மேல் சுமத்த முடியாது.

தலைகீழான குற்றமும் உண்டு. கதாபாத்திரத்தை ஆடியவர்மேல் ஏற்றுவது அது. அகஸ்தீஸ்வரத்துத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டது. ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு உண்டு. சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்த பி. கே. ரோஸி தலித் பெண். பார்வையாளர் சிலருக்குச் சரோஜினி கண்ணில் படவில்லை, ரோஸியின் சாதிதான் பட்டது. திரைமேல் கல் விழுந்தது. ரோஸி ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

சர்வர்களில் தண்டனை படிப்படியாக ஏறும். முதலில் எச்சரிக்கை, பிறகு சில நாள் விலக்கு, அடங்காதவர்களுக்கு நிரந்தரத் தடை. சாட்சியாக வீடியோப் பதிவு கேட்பார்கள். தடைபட்டவர் வேறு பெயரில் கணக்குத் திறந்து, அதே போலீஸ் வேலைக்கு விண்ணப்பிப்பார். அனுபவம் உண்டா என்ற கேள்விக்கு மட்டும், கதாபாத்திரத்துக்குத் தெரிந்தது போதும் என்று ‘இல்லை’ போடுவார்.