கைதித் தாத்தா கிடைப்பாரா?

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பழைய பண்ணைக் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் பூர்வீகப் பேச்சே ஆகாது. 1853 வரை பிரிட்டன் அங்கே 70,000-க்கும் மேற்பட்ட கைதிகளைக் கொண்டுபோய் இறக்கியது. அந்த வாடை போகட்டும் என்று 1856-இல் வான் டீமன்ஸ் லேண்ட் என்ற தீவின் பழைய பெயரையே மாற்றினார்கள். தாத்தா எப்படி வந்தார் என்று கேட்ட பேரனுக்குக் கிடைத்த பதில்: ‘கப்பலில்.’ பொய்யில்லை.

இப்போது காற்று திரும்பிவிட்டது. கைதி ஒருவர் அகப்பட்டால் வீட்டில் கொண்டாட்டம்.

பெருமைக்கு மேல் இதில் ஒரு வசதியும் உண்டு. கைதியின் உயரம், கண்ணின் நிறம், பச்சைக்குத்து, எஜமானை எதிர்த்துப் பேசிய குற்றம் வரை குமாஸ்தாக்கள் எழுதி வைத்தார்கள். ஆஸ்திரேலியக் கைதி ஆவணங்களை 2007-இல் யுனெஸ்கோவே உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சொந்தக் காசில் கப்பலேறிய யோக்கியருக்கோ பல நேரம் பயணிகள் பட்டியலில் ஒரு பெயர்தான் மிச்சம். ஆடு திருடியிருந்தால் அங்க அடையாளமாவது தேறியிருக்கும்!

‘முதல் குடும்பம் எது’ என்று ஊருக்கு ஊர் தேடுகிறார்கள். சுமார் 40,000 ஆண்டுகளாக அங்கேயே இருந்த பழங்குடியினர் எந்தக் கப்பல் பட்டியலிலும் இல்லை.